டோலி வேண்டாம் என்றேன்

இன்று காலை நானும் இவரும் எங்கள் பெண் கமலாவும் கோபாலசுவாமி பெட்டா மலை ஏறினோம்.

மூன்று மாதம் டைபாய்டில் கிடந்த எனக்காக இவர் அடிவாரத்தில் டோலி பேசினார்.

"வேண்டாம், நடந்தே வரேன்" என்றேன்.

காட்டுக் காவலர், "பேடம்மா, போக வேண்டாம், நேத்து யானை இறங்கின வழி" என்று தடுத்தார்.

"அப்போ நீங்களும் கூட வாங்கோ" என்றேன். வந்தார்.

பாதி வழியில் முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"திரும்பிடலாம்டி" என்றார் இவர்.

கமலா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். பிறகு இவருக்குத்தான் மூச்சு வாங்கியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

உச்சிக் கோயிலில் பட்டர் என் மெலிந்த உடம்பைப் பார்த்துவிட்டு இவரிடம், "இவாளை இவ்வளவு தூரம் அழைச்சுண்டு வந்தேளே, புண்ணியம்!" என்றார்.

இவரும் தலையாட்டிக்கொண்டார்.

கேட்டால், மறுத்துச் சொல்ல மூச்சில்லையாம். நம்பலாமா, நீங்களே சொல்லுங்கள்.