போற வேகம் எவ்வளவு?

தையலக்காவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கு ஈடாகக் கண்ணையும் கையையும் இரண்டு மடங்காக்கி வைத்துவிட்டுப் போனது என்பார் அவள் கணவர். தெருமுனையில் ஆள் திரும்பும்போதே எந்தச் சட்டையில் எந்த ஓரம் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பேச்சோ, கேட்கவே வேண்டாம். காது கேளாதோர் பள்ளியில் படித்தபோது, பாடம் நடக்கையிலேயே மேசைக்கு அடியில் இரண்டு கையாலும் கதை பேசி, மாட்டிக்கொண்டு, வெளியே நிறுத்தப்பட்டால் அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பேச்சைத் தொடர்வாள். வாயால் பேசித் தீர்க்கிறவள் வாயாடி என்றால் இவளை என்னவென்று சொல்வது? விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த தோழி ‘கையாடி’ என்று பெயர் வைத்தாள்.

அந்தத் தோழி இப்போது நாலு மணி நேர பஸ் தூரத்தில், வேறொரு ஊரில், மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறாள். நாம் அவளைக் கண்ணாடிக்காரி என்றே சொல்லிக்கொள்வோம். கல்யாணமாகிப் பிரிந்த பிறகு இருபது வருடமாக இருவருக்கும் நடந்ததெல்லாம் எழுத்துப் பேச்சுதான். கையால் பேசிப் பழகியவர்களுக்கு எழுத்து என்பது விருந்தை நேரில் சாப்பிடாமல் பட்டியலைப் படிப்பது போல. அதனால் போனில் வீடியோ வந்த நாளில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பத்து நிமிடம் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் படம் நின்றுபோனது.

அதுதான் தொல்லை. தையலக்காவின் கடை நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு, இரண்டு மிஷின், வெட்டுமேசை. கதவைத் திறந்தால் மிஷினுக்கு மேலே ஒரு பல்பு எரியும்; அதுதான் அவளுக்கு அழைப்பு மணி. அந்தக் கடைக்குள் போனில் சிக்னல் கோடு நாலும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் வீடியோ போட்டால் கண்ணாடிக்காரியின் கை பாதி வழியில் பொம்மைக் கை மாதிரி நின்றுவிடும். காது கேட்பவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் நின்றது. கண்ணாடிக்காரி, “என் மாமியார்...” என்று சைகை காட்டினாள். அடுத்து ஆள்காட்டி விரலை மேலே உயர்த்தினாள். விரல் வானத்தைப் பார்த்தபடியே உறைந்துபோனது. முகத்தில் கண்ணும் பாதி மூடியிருந்தது. பிறகு அழைப்பே அறுந்துவிட்டது.

தையலக்காவுக்குத் திக்கென்றது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவரை ஓடிப் போய்க் கூட்டி வந்தாள். அவருக்குக் காது கேட்கும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஆறு மாதம் உட்கார்ந்து சைகை கற்றுக்கொண்டவர். கையில் கிரீஸ் இருந்தால் மட்டும் கொஞ்சம் வழுக்கும்.

“மாமியார் மேலே போயிட்டாங்களாம்,” என்றாள் கையால்.

“அடப்பாவமே. எப்போ?”

“அதுக்குள்ள படம் நின்னுடுச்சு.”

தோழிக்கு ‘நாங்க ரெண்டு பேரும் நாளைக்கு வர்றோம்’ என்று எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: ‘வா வா வா! ரொம்ப சந்தோஷம்!!’ கூடவே கைதட்டும் படம் மூன்று.

கணவர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாதோ?”

“ஆகாதுதான். அதுக்காக இப்படியா?” என்றாள் தையலக்கா.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, மடியில் வெள்ளை மலர்க்கொத்தோடு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தை வாட்டமாகவே வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரியின் வீட்டு மணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்தது மாமியார்.

கணவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். தையலக்கா நகரவில்லை. ஒரு நொடி மாமியாரின் காலைப் பார்த்தாள், தரையில்தான் இருந்தது. அடுத்த நொடி மலர்க்கொத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“எனக்கா?” என்றார் மாமியார். “எனக்கா! எழுபத்திரண்டு வயசுல இதுவரைக்கும் ஒருத்தர் எனக்குப் பூ வாங்கிக் குடுத்ததில்லை!”

விஷயம் இதுதான். மாமியாருக்கு முழங்கால் வலி சரியாகிவிட்டதால், கீழ் அறையைக் காலி செய்துகொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார். மேலே போனது உண்மை. ஆனால் பதினாறு படி மட்டும். கண்ணாடிக்காரிக்கு இது புரிந்தபோது, சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அந்தப் பூவை ஜாடியில் வைத்து, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து தையலக்கா என்றால் அவருக்கு உயிர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தையலக்கா கணவரிடம் சொன்னாள்: “சிரிச்சாச்சு, சரி. ஆனா நாளைக்கு நிஜமாவே ஒண்ணு நடந்தா எனக்கு எப்படித் தெரியும்? இந்த நெட்வொர்க்கை ஒரு கை பார்க்கணும்.”

பார்த்தாள். அந்தப் பகுதியில் நெட்வொர்க்கால் நொந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்க்கடை மருந்துக்காரர் ஒரு நாளைக்கு முப்பது முறை தெருவுக்கு ஓடி வருவார். மூன்றாம் மாடியில் போன் வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கும் டியூஷன் டீச்சர், குளியலறை ஜன்னல் பக்கம் நின்றால்தான் பாடம் நடத்த முடியும். பிள்ளைகள் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பின்னம் கற்றார்கள். ஒருவர் போனை எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்தால் கோடு கூடும் என்று சத்தியம் செய்தார். தையலக்காவுக்கு உதடு பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியும். கடைக் கண்ணாடி வழியாகத் தெருவில் எத்தனை வாய் ‘ஹலோ, ஹலோ’ என்று திறந்து மூடுகிறது என்று பார்த்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவாள்.

மருந்துக்காரர் ஏற்கெனவே ‘எத்தனை கோடு?’ என்று போனில் ஒரு குழு வைத்திருந்தார். அறுபது பேர். அதில் நாள் முழுக்கப் புலம்பல்தான். தையலக்கா சேர்ந்த முதல் நாளே எழுதினாள்: ‘கோட்டை நம்பாதீங்க. கோடு டவர் கிட்ட இருக்கான்னுதான் சொல்லும். வேகம் பாருங்க. அதுலயும் வர்ற வேகம் மட்டும் போதாது. போற வேகம் எவ்வளவு?’

வருகிற வேகம் இருந்தால் படம் பார்க்கலாம். அவளுக்கோ தன் கையும் வெளியே போக வேண்டும். இதைப் படித்த டியூஷன் டீச்சர் குதித்தேவிட்டாள். அவளுக்கும் அதே குறைதான். வெளியே போகாத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும்?

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் தப்பவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால், “உங்க வீட்டுல போற வேகம் எவ்வளவு? மொட்டை மாடியில? படுக்கையறையில?” என்று போனில் எழுதி நீட்டுவாள். துணி வெட்டுவதற்கு மாதிரி வரையும் பழுப்புத் தாளில் அந்தப் பகுதியின் தெருக்களை எல்லாம் வரைந்து சுவரில் மாட்டினாள். நல்ல வேகம் உள்ள வீட்டுக்குப் பச்சை நூல் முடிச்சு, மட்டமானதற்குச் சிவப்பு. முதல் மாதம் தாள் முழுக்கச் சிவப்பு.

“உன் பேரு கையாடின்னு வெளியில சொல்லிடாதே,” என்றார் கணவர். “ஏற்கெனவே ஊர் விவரத்தையெல்லாம் சேர்க்கிறே. கையாடல் கேஸ்ல உள்ளே தள்ளிடுவாங்க.”

மழைக்காலம் முடிந்ததும் வங்கிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த டவரில் போன் கம்பெனி ஆட்கள் ஏறினார்கள். பழைய பெட்டிகள் இறங்கின, புதியவை ஏறின. குழுவில் நேரடி வர்ணனை நடந்தது: ‘ரெண்டு பேர் ஏறுறாங்க.’ ‘சாப்பிட இறங்கிட்டாங்க.’ ‘ஒரு மணி நேரமா இன்னும் சாப்பிடுறாங்க.’ பதினெட்டாம் நாள் எல்லோர் போனிலும் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது: ‘உங்கள் பகுதி முழுவதும் 5ஜிக்கு மேம்படுத்தப்பட்டுவிட்டது. வாழ்த்துகள்!’

குழுவில் வாணவேடிக்கைப் படங்கள் பறந்தன. தையலக்கா வீடியோ போட்டாள். கண்ணாடிக்காரியின் கை, பாதி வழியில், பழையபடியே நின்றது.

மருந்துக்காரருக்கும் அப்படியே. டியூஷன் டீச்சர் இன்னும் பக்கெட்டோடுதான். ஆனால் பேக்கரிப் பக்கத்துத் தெருக்காரர்கள் காற்றில் மிதந்தார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், ‘எங்க மேப்ல உங்க தெரு பச்சையா இருக்கு சார், உங்க போனை அணைச்சுப் போடுங்க’ என்ற பதில்தான்.

தையலக்கா மூன்று நாள் எல்லோரிடமும் புது வேகம் வாங்கி முடிச்சுகளை மாற்றினாள். நாலாம் நாள் காலையில் ஒரு பாவாடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். வட்டப் பாவாடையை மூன்று துண்டாக வெட்டுவோமே, அது மாதிரி டவரைச் சுற்றி மூன்று துண்டு. இரண்டு துண்டு முழுக்கப் பச்சை. மூன்றாவது துண்டு, அவள் தெருவும் அதை ஒட்டிய நாலு தெருவும், ஒரு முடிச்சு பாக்கியில்லாமல் சிவப்பு. நடுவில் கலப்பே இல்லை. அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி இருந்தது.

அன்று மதியமே டவர் ஆள் ஒருவர் வங்கி வாசலில் வண்டியை நிறுத்தியதை மருந்துக்காரர் பார்த்துவிட்டார். கண்ணாடிக் கதவைத் தட்டுவதில் பயனில்லை என்று தெரிந்தும் பதற்றத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பிறகு கதவைத் திறந்து பல்பை எரியவைத்தார். தையலக்கா தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். வண்டியின் முன்பக்கத்தில் அதை விரித்துப் போட்டாள்.

“இது என்னங்க? சட்டைத் துணியா?” என்றார் டவர்காரர்.

மருந்துக்காரர் விளக்கினார். டவர்காரர் சிரித்தார். “அண்ணே, கம்ப்யூட்டர்ல மூணு பக்கமும் ஆன்ல இருக்கு. வேலை முடிஞ்சுபோச்சு.”

அவர் உதட்டைப் படித்த தையலக்கா போனில் எழுதிக் காட்டினாள்: ‘முன்பக்கம் தைச்சிட்டீங்க. பின்பக்கம் தைச்சிட்டீங்க. கை வைக்க மறந்துட்டீங்க. நூத்தி நாப்பது வீட்டுல கேட்டு எழுதியிருக்கேன்.’

டவர்காரர் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து, சிவப்பு முடிச்சுகளின் மேல் விரலை ஓட்டினார். விரல் டவருக்கு வந்து நின்றது. “ஒரு நிமிஷம், ஆபீஸ்ல கேட்கிறேன்,” என்று போனை எடுத்தார். “ஹலோ. ஹலோ? ஹலோ!”

தையலக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, பேக்கரி இருந்த பக்கம் கையைக் காட்டினாள். டவர்காரர் அங்கே நடந்துபோய்ப் பேசினார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

“மேலே ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேங்க,” என்று பெல்ட்டை மாட்டினார்.

இருபது நிமிடத்தில் இறங்கி வந்தார். மூன்றாவது பக்கத்தில் புதுப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். ஆனால் பழைய பெட்டியை இறக்காமல், வயரை அதிலேயே சொருகி விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பழைய பெட்டி உயிரோடு இருந்ததே போதுமாயிருந்தது. “நாளைக்குச் சாமானோட வர்றேங்க. இந்தப் பேப்பரை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

சொன்னபடி வந்தார். மறுநாள் பதினொன்றரை மணி இருக்கும். தையலக்கா மிஷினில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்காரர் போனோடு வெளியே ஓடி வந்தார். வாயைத் திறந்தார். ‘ஹலோ’ ஒரு முறைதான். அப்புறம் வேறு என்னென்னவோ பேசிக்கொண்டே போனார், பேசிக்கொண்டே கடைக்குள் திரும்பிவிட்டார். வழக்கமாகத் தெருவில் நிற்கும் இரண்டு மூன்று பேரைக் காணவே காணோம். தெரு அப்படி வெறிச்சென்று கிடந்து அவள் பார்த்ததேயில்லை.

உடனே வீடியோ போட்டாள். கண்ணாடிக்காரி வந்தாள். கை ஓடியது. நிற்கவில்லை. விரல் நகத்தில் லென்ஸ் தேய்த்த தூள்கூடத் தெரிந்தது.

“உன் இரட்டைத் தாடைகூடத் தெரியுதுடி கையாடி!” என்றாள் கண்ணாடிக்காரி.

“போன்ல முதல் தடவையா ஒழுங்காப் பார்க்கிறே, இதுதானா சொல்லத் தோணுச்சு?” என்றாள் தையலக்கா. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கை போனால் பேச்சு நின்றுவிடுமே என்று அப்படியே வழியவிட்டாள்.

அன்றைக்கு நடந்த கூத்து குழுவில் இரண்டு நாள் ஓடியது. டியூஷன் டீச்சர் குளியலறையை விட்டு வெளியேறி, நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் அனுப்பினாள். டவர்காரர் வாரம் ஒருமுறை கடைக்கு வரத் தொடங்கினார். பக்கத்து ஊர் டவருக்கும் இப்படி ஒரு தாள் போட்டுத் தர முடியுமா என்று அவருடைய மேலதிகாரி கேட்டாராம். “முதல்ல உங்க மேலதிகாரியோட கால்சட்டையைக் கொண்டு வாங்க, அளவு சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க,” என்று எழுதிக் கொடுத்தாள் தையலக்கா.

ஒரே ஒரு நஷ்டம், வேலைக்குத்தான். மற்றவர்கள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் துலக்குவார்கள். தையலக்கா பேசினால் மிஷின் நிற்கும், மிஷின் ஓடினால் பேச்சு நிற்கும். கண்ணாடிக்காரி ஒருத்தியோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தையலக்கா பழைய விடுதித் தோழிகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். இப்போது சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போன் திரையில் பதினொரு கட்டம். பதினொரு ஜோடிக் கை. முப்பது வருடத்துக்கு முன் விடுதியில் யார் யாருடைய ரிப்பனை எடுத்தது என்ற வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது.

போன சனிக்கிழமை டியூஷன் டீச்சர் தன் பாவாடையை வாங்க வந்தாள். பல்பு எரிந்தது. தையலக்கா ஒரு விரலைக் காட்டி, ‘ஒரு நிமிஷம்’ என்றாள். கால் மணி நேரமாயிற்று. டீச்சர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் போனில் எழுதி நீட்டினாள்: ‘மேல் வரிசையில மூணாவதா இருக்கிறவங்க ஏன் இவ்வளவு கோபமா இருக்காங்க?’

தையலக்கா எழுதினாள்: ‘அது பெரிய கதை. சொன்னா பாவாடை நாளைக்குத்தான் கிடைக்கும். பரவாயில்லையா?’

டீச்சர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.