ஹனீஃபா நக்கிப் பார்க்கும் வண்டிகள்

உபைதின் மனக்குறை பல வருடத்தது. பழைய டிராக்டர் பார்க்கப் போனால், அடியில் மல்லாந்து படுத்து எண்ணெயில் குளிப்பது அவன். கெட்டிக்காரன் என்று பேர் வாங்குவது அக்கா புருஷன் ஹனீஃபா.

தேனாம்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஹனீஃபா பெயின்டை ஒருநாளும் நம்பியதில்லை. முதலில் இன்ஜினைத் தொடுவார். சுட்டால், லேசில் கிளம்பாத வண்டியை விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அடுத்து, மட்கார்டுக்குள் தலையை விட்டு, பெயின்ட் எட்டாத போல்ட்டை நக்குவார். கரித்தால் கடற்கரையில் படகு இழுத்த வண்டி, உள்ளெல்லாம் துரு.

இந்த முறை வண்டி அவர் மகள் தபஸ்ஸுமுக்கு. தண்ணீர் டேங்கர் இழுத்துப் பிழைக்கப் போகிறாள். வண்டி படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். அடையாற்றில் ஒரு காலி மனையில் டிராக்டர் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது. இன்ஜின் சுடவில்லை.

"மதுராந்தகத்து நெல்லு வயல் வண்டி நைனா," என்றான் விற்க வந்தவன்.

ஹனீஃபா உபைதைப் பார்த்தார். "டாக்டர் எனக்கு உப்பே ஆவாதுன்னுட்டாரு. நீ நக்கு மச்சி."

"நான் இன்னா மாடா, மச்சான்?"

"உன் அக்கா பொண்ணு வண்டி. நக்குடா."

நக்கினான். கருவாட்டுப் பானையில் வாய் வைத்த மாதிரி முகம் கோணியது. துப்பினான்.

"இன்னா நைனா, உங்க வயல்ல மீனா நட்டாங்க?" என்று விற்பவனைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினார் ஹனீஃபா. தெருமுனையில் நின்று உபைதிடம் திரும்பினார்.

"கே.கே. நகர்ல இன்னொண்ணு கீது மச்சி. நாளைக்குக் காலைல வாயை நல்லா கழுவிக்கினு வா."