கொடிக்குக் கட்டிய கம்பளிக் கரை

எங்கள் ஊர் ரொவாஸ்கோவின் சிவப்பு ஒயின் சங்கம் அச்சடித்த சிற்றேட்டின் நான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘எர்சிலியா மொந்தால்தி. முன்னோர் வழிவந்த ஒயின் மீதான காதலை நெஞ்சில் அணையாமல் காத்தவர். குன்றெங்கும் காடு மூடிய காலத்தில், மண்ணின் மீதுள்ள நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு, நம் ஸ்பன்னா திராட்சையை இந்த நூற்றாண்டின் கையில் ஒப்படைத்தவர்.’

இதில் பெயர் சரி. காடும் சரி.

எர்சிலியா ஒயின் குடிப்பதில்லை. குடித்தால் நெஞ்சு கரிக்கும். ஞாயிறு மதியம் ஒரு சின்ன பாட்டில் பீர் குடிப்பாள், அதுவும் மூடியைத் தானே திறந்தால்தான். சிற்றேட்டுப் படத்தில் அவள் கையிலிருக்கும் கோப்பை படம் பிடிக்க வந்தவருடையது. படம் எடுத்து முடித்ததும் வாய் வைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அறுவடைப் பழத்தை அவள் வருடா வருடம் பிழிந்து வைத்தது உண்மை. அது வருடா வருடம் வினிகரானதும் உண்மை. கிறிஸ்துமஸுக்கு ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு ஒரு பாட்டில் வினிகர் போகும். ஊரிலேயே நல்ல வினிகர் அதுதான். நம்பிக்கையைப் பற்றிச் சொன்னால், அவள் நம்பியவற்றின் பட்டியல் மிகச் சிறியது. மண் அதில் இல்லை.

பள்ளத்தாக்கிலிருந்த கம்பளி மில்லில் முப்பத்து நான்கு வருடம் அவளுக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. நெய்து வரும் துணியைச் சாய்வு மேசையில், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக இழுத்து, விட்டுப்போன இழை எங்கே, முடிச்சு எங்கே என்று தேடிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட வேண்டும். பிறகு ஊசியெடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். குறையில்லாத துணி என்று ஒன்று உண்டு என்பதையே அவள் ஒப்புக்கொள்ளவில்லை; குறை இன்னும் கண்ணில் படாத துணி உண்டு, அவ்வளவுதான். அதே கண்ணால்தான் சொந்தக்காரர்களையும் பார்த்தாள்.

அவளுடைய அப்பா 1970 நவம்பரில் இறந்தபோது குன்றின் மேல் நான்கு வரிசைக் கொடிகளை விட்டுப் போனார். அப்போது அதைச் சொத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊரில் கை கால் உள்ளவர்கள் எல்லாரும் மில்லுக்குப் போய்விட்டார்கள். முதலில் ரொபினியா முள்மரமும், பிறகு செஸ்ட்நட்டும், கடைசியில் காட்டுப்பன்றியும் குன்றை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்தது அந்த நான்கு வரிசையும், எல்லைக்கல்லுக்கு மேல்பக்கம் கவ்தென்ஸியோவின் மூன்று வரிசையும்தான். கவ்தென்ஸியோ அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, பன்னிரண்டு வயது மூத்தவர். அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“அந்த நாலு வரிசையப் பத்திக் கவலைப்படாத, எர்சிலியா. நான்தான் பக்கத்துலயே இருக்கேனே. பாத்துக்கறேன்.”

வேறு ஊரில் இது ஆறுதல். எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பொருள் உண்டு. ஒருவன் இன்னொருவன் நிலத்தில் இருபது வருடம் ஊரறிய உழைத்து, உரியவன் வாய் திறக்காமல் இருந்தால், நிலம் உழைத்தவனுக்கு என்பது சட்டம். எங்கள் குன்றில் பல நிலங்கள் இப்படி அன்பான வார்த்தைகளில்தான் கைமாறின.

“எனக்கும் ரெண்டு கை இருக்கு, அண்ணே” என்றாள் எர்சிலியா.

கை இருந்தது, வேலை தெரியாது. எங்கள் ஊர்க் கொடி சாதாரணமாக நிற்காது. சாய்த்து நட்ட நாலு கம்புகளில், நாலு திசைக்கும் கை நீட்டிக் கிண்ணம் போல ஏற வேண்டும். கவாத்து வெட்டு தப்பினால் கிண்ணம் சரிந்துவிடும். அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அவள் ரொபினியா புதருக்குப் பின்னால் குந்தி, கவ்தென்ஸியோ எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை தன் பக்கத்தில் அதையே செய்தாள். காலங்காலமாகக் கைமாறிய கலை என்று சிற்றேடு சொல்வது இதைத்தான்.

கட்டும் விஷயத்தில் மட்டும் அவள் அவரைப் பின்பற்றவில்லை. எல்லாரும் வெட்டிய கொடியை வில்லோ குச்சியால் கட்டுவார்கள். வில்லோ முடிச்சைப் பார்த்து யார் போட்டது என்று எந்த நீதிபதியும் சொல்ல முடியாது. மில்லில் துணியின் ஓரக் கரையைக் கிழித்து எறிவார்கள். அதில் மில்லின் பெயர் நெய்திருக்கும். அந்தக் கரைகளை அவள் பையில் அள்ளி வந்து கட்டினாள். ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் சாம்பல். குளிர்காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு வரிசையும் கழுத்துத் துணி கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். கவ்தென்ஸியோ அன்றிலிருந்து அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

நான்காவது வருடம், எல்லைக்கல்லை ஒட்டிய மூலைக் கொடியில் வில்லோ முடிச்சு இருந்தது. யாரோ அதை வெட்டி, சுத்தமாகக் கட்டியிருந்தார்கள். எர்சிலியா முடிச்சை அறுத்து உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினாள். மறு வருடமும் அதே கொடி, அதே முடிச்சு. ஒரு கொடியில் தொடங்குகிறான், பிறகு ஒரு வரிசை, பிறகு குன்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாட்சிக்காக மில்லில் கூட வேலை பார்த்த இனேஸைக் குன்றுக்கு அழைத்துக்கொண்டு போனாள். இனேஸ் கல்லின் மேல் உட்கார்ந்து சலாமி ரொட்டியை முழுவதும் தின்றுவிட்டு, தனக்கு அங்கே குச்சிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று சாட்சி சொன்னாள்.

இப்படிப் பதினேழு வருடம் மூலைக் கொடியில் முடிச்சு விழுந்தது, அவள் அறுத்தாள். காய்ச்சலோ, திருமண அழைப்போ, மில்லில் வேலைநிறுத்தமோ, எது வந்தாலும் மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றைக்கூட அவள் விடவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு ஏழு வரிசையைச் செம்மையாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் காடு.

1990 இலையுதிர் காலத்தில் கவ்தென்ஸியோ செஸ்ட்நட் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சமவெளியில், வெர்ச்செல்லியில் இருந்த மகள் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். எர்சிலியா முதலில் அந்த விழுதலையே சந்தேகப்பட்டாள். மார்ச் வந்தது, மேல் மூன்று வரிசைக்கு யாரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பொறுத்தாள். இரண்டாவது சனிக்கிழமை கத்தரியோடு எல்லைக்கல்லைத் தாண்டினாள்.

அவர் பக்கம் காடானால் பன்றிகள் நேரே தன் பக்கம் இறங்கும் என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று வரிசைக்கென்று சிவப்புக் கரையைத் தனியாகச் சேர்த்து வைத்ததற்கும், அடுத்த வாரமே பியெல்லாவுக்குப் பஸ் ஏறி ஒரு நோட்டரியைப் பார்த்ததற்கும் பன்றிகள் காரணமில்லை. நோட்டரி சொன்னது இவ்வளவு: 2011 மார்ச் வரை ஊரறிய உழைத்தால் நிலம் அவளுடையது. நடுவில் உரியவர் எதிர்த்தாலோ, இது அவருடையது என்று அவளே வாயால் ஒப்புக்கொண்டாலோ, அத்தனையும் போச்சு.

அவள் வாய் திறக்கவில்லை. மில்லிலிருந்து ஓய்வு பெற்றாள். ஒரு மூட்டை சிவப்புக் கரையோடு வீட்டுக்கு வந்தாள். மில்லும் மூடியது. அதற்குப் பிறகுதான், யாரும் எதிர்பாராமல், ஒயின் திரும்பியது. வெளியூர்க்காரர்கள் காடு வாங்கினார்கள், முள்மரம் வெட்டினார்கள், நாற்றுப் பண்ணைக் கொடிகளை நட்டார்கள். மில் மூடி வேலையில்லாமல் இருந்த ஊர் அவர்களை முதலில் சந்தேகப்பட்டது, பிறகு அவர்களிடம் வேலைக்குப் போனது. சங்கம் ஒன்று வந்தது. தங்கள் ஒயின் பழைய ரொவாஸ்கோ போல இல்லை என்று சங்கத்துக்கு மெதுவாகப் புரிந்தது. பழைய கொடி வேண்டும் என்றார்கள். குன்றில் அது ஒரே இடத்தில்தான் இருந்தது.

2008 செப்டம்பரில் டூரினிலிருந்து ஓர்நெல்லா என்ற வேளாண் நிபுணர் வந்தாள். வரிசை வரிசையாக இலைகளைப் புரட்டினாள். நோய் உள்ள கொடியில் இலை முன்னதாகவே சிவந்துவிடும். கீழ் நான்கு வரிசையில் பாதி சிவந்திருந்தது. சிவப்புக் கரை கட்டிய மேல் மூன்று வரிசை முழுக்கப் பச்சையாக நின்றது. ஓர்நெல்லா அந்தப் பச்சைக் கொடிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எர்சிலியாவுக்கு அது பிடிக்கவில்லை. கொடியை எண்ணுகிறவர்கள் விலையையும் எண்ணுவார்கள்.

ஜனவரியில் இந்த மூன்று வரிசையிலிருந்து குச்சி வெட்டி, நாற்றாக்கி, குன்று முழுவதும் நடப்போகிறோம் என்று ஓர்நெல்லா விளக்கினாள். தாய்க்கொடியின் உரிமையாளர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். நாற்று எங்கே போனாலும் அந்தப் பெயர் கூடவே போகும்.

“குச்சிய நாங்க அடுப்புல போடுவோம். உங்களுக்கு எதுக்கு?”

“நடறதுக்குத்தாம்மா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இந்த மேல் வரிசையும் உங்களோடதுதானே? சங்கத்துல அப்படித்தான் சொன்னாங்க.”

ஆமாம் என்றால் போதும். மறுப்பதற்கு ஊரில் யாரும் மிச்சமில்லை. சனிக்கிழமை வாருங்கள், சொல்கிறேன் என்று எர்சிலியா அவளை அனுப்பிவிட்டாள்.

முப்பத்து நான்கு வருடத்தில் அவள் மேசையைத் தாண்டி இழை விட்ட துணி போயிருக்கலாம், அதை அவளே ஒப்புக்கொள்வாள். வேறு மில்லின் துணி தங்கள் மில்லின் கரையோடு போனதில்லை. அன்று மாலை வெர்ச்செல்லி எண்ணைத் தேடி எடுத்து, பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகக் கவ்தென்ஸியோவுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை கொடிப்பக்கம் வரச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மகளின் காரில் வந்தார். எழுபத்தாறு வயது, இரண்டு கைத்தடி. தன் வரிசைகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“என்ன இது, இன்ஸ்பெக்டரம்மா? என் கொடிக்கெல்லாம் சிவப்புப் பட்டை கட்டி மெடல் குடுத்திருக்க.”

“வில்லோ கிடைக்கல.”

“எத்தனை வருஷமா?”

“பதினெட்டு.”

அவர் உதடு அசைந்தது. “இன்னும் ரெண்டு மூணு வருஷம் வாய மூடிட்டு இருந்திருக்கலாமே.”

“தெரியும்.”

“நோட்டரியப் பாத்திருப்பியே?”

“ரெண்டு பேரப் பாத்தேன். ஒருத்தர் சொல்றத எப்படி நம்பறது?”

கவ்தென்ஸியோ சிரித்து, இருமி, கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். எர்சிலியா மூலைக் கொடியைக் காட்டி, அதில் விழுந்த வில்லோ முடிச்சு அவர் வேலைதானே என்று கேட்டாள்.

“என் வேலைதான். பதினேழு வருஷமும்.”

“ஒரே ஒரு கொடி. எதுக்கு?”

“நீ வராம போயிடக் கூடாதே. உன் பக்கம் காடாச்சுன்னா பன்னி நேரா எங்கிட்டதான வரும்? ‘வாம்மா, வந்து வெட்டிட்டுப் போ’ன்னா நீ வந்திருக்கவே மாட்ட. நான் திருடறேன்னு நெனச்சாதான் வருவ.”

எர்சிலியா அந்த வாக்கியத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தாள். இழை எதுவும் விட்டுப்போயிருக்கவில்லை. அதனாலேயே அவள் அதை நம்பவில்லை.

அதற்குள் ஓர்நெல்லா படிவத்தோடு வந்து சேர்ந்தாள். மேல் மூன்று வரிசை யாருடையது என்று மறுபடியும் கேட்டாள். எர்சிலியா பதில் சொன்னாள். பேனாவைக் கவ்தென்ஸியோவிடம் நீட்டினாள். கையெழுத்து விழும் வரை அவர் தோளுக்கு மேல் எட்டி, அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மார்ச்சில் மூலைக் கொடியில் வில்லோ முடிச்சு இருந்தது. இரண்டு கைத்தடிக்காரர் ஏறியிருக்க முடியாது. மகள்தான் என்று முடிவு செய்து, அறுத்து உறையில் போட்டு, சாம்பல் நிறக் கரையால் கட்டினாள்.

சிற்றேட்டில் இல்லாதது இதுதான். எர்சிலியா மொந்தால்தி தன்னுடைய நான்கு வரிசையை 1971 முதல் 2008 வரை முப்பத்தெட்டு மார்ச் மாதங்கள் கவாத்து செய்தாள். கவ்தென்ஸியோவின் மூன்று வரிசையைப் பதினெட்டு மார்ச் மாதங்கள் கவாத்து செய்தாள். அவை யாருடையவை என்று கேட்டபோது, அவருடையவை என்று சொன்னாள்.