புட்டிக்குள் அண்ணன்

சாமி குற்றமாகுமோ என்று பல வருஷம் இதை எழுதாமல் தயங்கினேன்.

ஈரல் புற்றில் படுத்திருந்த என் அண்ணனைத் தேடி, வேலூரிலிருந்து ஒல்லியான ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஜவ்வாது மலையேறி வந்தார். திருநீறு கொடுத்தால்கூடச் சோப்புப் போட்டுக் கைகழுவித்தான் வாங்குவார். காமாலைக் கிருமி எப்படிப் புற்றாகிறது என்று பார்க்க, அண்ணன் ஈரலில் துளி எடுத்துப் புட்டியில் வளர்க்கச் சம்மதம் கேட்டார்.

"இன்னா சார், நான் செத்தும் அது உயிரோட இருந்தா, என் தம்பி கருமாதி பண்றதா வேணாமா?" என்றார் அண்ணன்.

"பண்ணட்டுங்க. அமாவாசைக்கு அவர் படைக்கட்டும். மத்த நாள்ல புட்டியில நான் சோறு போடறேன்."

"காரம் கம்மி பண்ணிடாதீங்க" என்று சிரித்துச் சம்மதித்தார் அண்ணன்.

அண்ணன் போய்ச் சேர்ந்தபின் அமாவாசை தவறாமல் படைக்கிறேன். காக்கை வரத் தாமதமானால், வேலூர்ப் புட்டியிலேயே சாப்பிட்டுவிட்டாரோ என்று குழம்புகிறேன். இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.