ஃபைலக்காவில் ஒரு மண் பிள்ளை

2006 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு அப்பாசியாவில் பஸ் ஏறி, குவைத் நகரில் மாறி, சால்மியா படகுத்துறைக்குப் போய்ச் சேர எட்டாகிவிட்டது. அங்கிருந்து ஃபைலக்கா தீவுக்குக் கடலில் இருபது கிலோமீட்டர். போய்வர டிக்கெட் இரண்டரை தினார். நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. ஒரு திருடனிடம் பேசப் போனேன். ஆபீசில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் நான் குமாஸ்தா. தீவில் அகழாய்வு செய்துகொண்டிருந்த ஐரோப்பியர்களுக்கு எட்டு பேரைக் கொடுத்திருந்தோம். அவர்களில் அறந்தாங்கிப் பக்கத்து முருகேசன் மேல் புகார். தோண்டியெடுத்த மண்பொம்மை ஒன்றைக் காணோம், பொம்மைகள் இருந்த தட்டைக் கடைசியாகத் தூக்கிப் போனவன் அவன். "இன்னைக்கே வாங்கிக் குடுத்துட்டு வா. இல்லன்னா போலீஸ், கலாஸ், கதை முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

படகில் ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தானி லாரி டிரைவர், எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "உதர் குச் நஹி, பாய்", அங்கே ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தார்.

அவர் சொன்னது சரிதான். தொண்ணூறில் ஈராக் படை வந்தபோது தீவையே காலி செய்தார்கள். பிறகு ஊர் திரும்பவில்லை. வங்கி, பள்ளிக்கூடம், வீடுகள் என்று எல்லாச் சுவரிலும் குண்டு துளைத்த ஓட்டைகள். ஒரு வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் துருவேறிக் கிடந்தது. எனக்கு அந்த இடம் துளியும் பிடிக்கவில்லை. இரண்டு மணிப் படகைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் அங்கே கோட்டையும் கோயிலும் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். ஆய்வுக்குழுத் தலைவி நரைத்த தலையுள்ள அம்மாள். கிடைத்த பொம்மைகளைக் காட்டினார். முக்காடு போட்ட பெண், தொப்பை வைத்த கிழவன், தோளில் மூட்டையோடு ஒருவன். எல்லாம் விரல் நீளம். காணாமல் போனதன் போட்டோவையும் காட்டினார். ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன், மூக்கு தேய்ந்திருந்தது. "இவர்கள் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. இவன் யாரோ வீட்டுப் பிள்ளை" என்றார் ஆங்கிலத்தில்.

பதினோரு மணிக்கு முருகேசனை ஒரு ஷெட்டில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"எடுத்தியா?"

"எடுத்தேண்ணே. திருடலை. இருந்த எடத்துலயே திருப்பிப் பொதைச்சிட்டேன்."

"ஏன்யா?"

"கோயில் எடம்ணே அது. எவனோ புள்ளைக்கு முடியலன்னு நேந்துக்கிட்டு வச்ச உருவாரம். வச்சத எடுக்கலாமா? எம் மவனுக்கு நாலு வயசு. நெஞ்சுல ஓட்டை. நாளன்னைக்கு மருதையில ஆப்பரேசன்."

அவர்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு நோய் என்றால் மண்ணில் பிள்ளை உருவம் செய்து அய்யனார் கோயிலில் வைப்பார்கள். வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். மழையில் கரைந்தாலும் அங்கேயே கிடக்கும்.

"ரெண்டே நாளுண்ணே. வெள்ளிக்கெழம நானே எடுத்துக் குடுத்துடுறேன். அதுவரைக்கும் மண்ணுலயே கெடக்கட்டும்னு அந்தம்மாகிட்ட கேளுங்க. போர்மேன்கிட்ட இந்தியில சொல்லத் தெரியல. உங்களுக்குத்தான் இங்கிலீசு வரும்."

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி ஒரு தடவை இந்தப் பாழும் தீவுக்கு வர எனக்கு மனமில்லை. அதோடு, நேர்த்திக்கடன், உருவாரம் என்றெல்லாம் ஒரு வெள்ளைக்காரியிடம் ஆங்கிலத்தில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அதுதான் உண்மை.

"பயந்துவிட்டான், மன்னிப்புக் கேட்கிறான். இப்போதே எடுத்துத் தருவான்" என்றேன் அவரிடம். முருகேசனிடம் திரும்பி, "கேட்டுட்டேன். முடியாதுங்கிறாங்க" என்றேன்.

அவன் வெளியே நடந்தான். கோயில் சுவர் ஓரம் குத்தவைத்து, கையாலேயே மண்ணை விலக்கினான். ஒரு முழம் ஆழத்தில் அவன் துண்டு. அதற்குள் மண் பிள்ளை, பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழம். பொம்மையை என் கையில் தரவில்லை. அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு, பழத்தை மறுபடி குழியில் வைத்து மூடினான்.

ஒன்றரைக்கு அந்த அம்மாளே என்னை ஜீப்பில் படகுத்துறைக்குக் கொண்டுவந்து விட்டார். போலீஸ் இல்லை, அவன் வேலையும் போகாது என்றார். "பழம் வைத்திருந்தானே, எதற்கு?" என்று கேட்டார். இனி வெட்கப்பட என்ன இருக்கிறது என்று விஷயத்தைச் சொன்னேன். அவன் இரண்டு நாள் தவணை கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே! மண்ணுக்குள் எத்தனை காலமோ இருந்தது, இன்னும் ஒரு வாரம் இருந்தால் என்ன? எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா எனக்கு?"

படகு இரண்டு மணிக்குச் சரியாகக் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை காலை அப்பாசியாவில் வீட்டில் இருந்தேன். என் மகன் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். மொபைல் அடித்தது.

"அண்ணே, முருகேசன். நேத்து ஆப்பரேசன்லயே புள்ள போயிருச்சு."

பொம்மையை எடுத்ததால் எந்தப் பிள்ளையும் சாகாது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. சாகும்வரை தெரியப்போவதில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லண்ணே" என்றான் அவனே. "நீங்க எனக்காகக் கேட்டீங்க. அந்தம்மாதான் முடியாதுன்னுட்டாங்க. அவங்களுக்கு என்னண்ணே தெரியும், பாவம். நீங்க கேட்டீங்கள்ல, அது போதும்."

"ஆமாம்ப்பா, கேட்டேன்" என்றேன்.