இருமிக் காட்டு, நைனா

போன வாரம் ஒரு காலையில் எனக்கு இருமல் வந்தது. வழக்கம்போல் பிலோமினா சிஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் மகள்தான் எடுத்தாள். "அம்மா விடிகாலைல தவறிட்டாங்கண்ணா. மாரடைப்பு." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி யாரிடம் இருமிக் காட்டுவேன் என்றுதான் நினைத்தேன். சிஸ்டரோடு பழகிய உங்களிடம் இதை மறைப்பானேன்.

ராயபுரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன் கட்டி வந்து என் இடது நுரையீரலை முழுதாக அங்கேதான் எடுத்தார்கள். அந்தப் பக்கத்து மூச்சுக்குழாயை ஸ்டேப்ளர் வைத்து மூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். நானோ துறைமுகத்தில் சரக்குக் காகிதம் பார்க்கும் குமாஸ்தா. ஸ்டேப்ளர் பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? காகிதம் கொஞ்சம் தடித்தாலே பின் கோணிக்கொள்ளும். ஒரே இருமலில் பிய்ந்துவிடும் என்று பயந்து, வந்த இருமலையெல்லாம் விழுங்கினேன். மூன்றாம் நாள் ஜுரம். மிச்சமிருந்த ஒற்றை நுரையீரலிலும் சளி கட்டத் தொடங்கியது.

டாக்டர் திட்டினார். மனைவி கெஞ்சினாள். நான் இருமலை விழுங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சிஸ்டர் வார்டுக்கு வந்தார்.

"இன்னா நைனா, ஆபீஸ் பின்னுன்னு நெனச்சிக்கினியா? வரிசை வரிசையா அடிச்சிகீறாங்க. நான்தான மிஷினை எடுத்துக் குடுத்தேன்."

"உங்களுக்குப் பயமே இல்லையா சிஸ்டர்?"

"இல்லாம? ரத்தக்குழாய்ல அத்த அடிக்கசொல்லோ, கையில இடுக்கிய வச்சிக்கினு மூச்சு வுடாம நிப்பேன். பின்னு வுட்டுச்சுன்னா உடனே டாக்டர் கைல குடுக்கணுமே. இத்தினி வருஷமாயும் அந்தப் பயம் போவல. அது பாட்டுக்கு இருக்கட்டும், கை ரெடியா இருந்தா போதும்."

என் இடது விலாவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். "நான் புடிச்சிக்கினுகீறேன். இருமிக் காட்டு." இருமினேன். உயிர் போகிற வலி. ஆனால் எதுவும் பிய்யவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு இருமலுக்கும் அவரைப் படுத்தினேன். "தண்ணியா வருதா? ஜுரம் கீதா? இல்லல்ல, அப்ப பின்னு வுடல, வெறும் சளி. போனை வை" என்பார். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றில் நாற்றம் வந்தால் அவரே கூப்பிட்டு, திருவொற்றியூரில் என் வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் தூபப் புகையில் தொண்டை கமறியது. பழைய புத்தி, விழுங்கப் பார்த்தேன். போனுக்கு அந்தப் பக்கம் இனி ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கை மட்டும்தான். அவர் வைத்த இடத்தில் என் கையை வைத்து அழுத்தினேன். பயம் போகவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், அவருக்குக் கேட்கும்படி இருமிக் காட்டினேன்.