புத்தகத்தில் ஒன்றரை வரி

கம்பைநல்லூர் மெடிக்கல்காரர் அந்தோணி பிரகாஷ் ஊருக்கே தூக்க மாத்திரை விற்கிறவர். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. கடையில் நாற்காலி உண்டு, அதில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கும். இருமல் மருந்தை வாரம் ஒருமுறை இடம் மாற்றிவிட்டு மறுநாள் அவரே தேடுவார்.

சென்ற ஜூனில் அந்தப் பரபரப்புக்கு முதன்முறையாகத் தகுந்த காரணம் கிடைத்தது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஆக்சிலியா, பர்ஸிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். வலிப்புக்காகப் பத்தொன்பது வருடமாகப் போடுகிற மாத்திரை. கம்பெனி அதை நிறுத்திவிட்டது.

"வூட்ல எத்தன இருக்கு?"

"ஒம்போதுங்கண்ணா."

"திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா."

"நானா நிறுத்தறேன்? கம்பெனிக்காரங்கிட்ட சொல்லுங்க."

நிறுத்தினால் வலிப்பு வரும். அவள் நிற்பதோ கொதிக்கிற சாம்பார் அண்டாவின் முன்னால். பிரகாஷ் தடித்த மருந்துப் புத்தகத்தைப் புரட்டினார். தலைவலித் தைலத்துக்கே அரைப்பக்கம் இருந்தது. இதற்கு ஒன்றரை வரி: பார்பிட்யூரேட் வகை, செயல்பாடு பற்றிப் போதிய ஆய்வு இல்லை. எழுதிக்கொடுத்த டாக்டர் உயிரோடு இல்லை. சேலத்து மொத்த வியாபாரிக்குப் போன் போட்டால், "அப்படி ஒரு மருந்து இருக்குதுங்களா?" என்று இவரையே கேட்டார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவளைத் தருமபுரி நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். பஸ்ஸிலும் நின்றேதான் வந்தார். ஆக்சிலியா மடியில் ஒரு மஞ்சப்பை. டாக்டரம்மாவும் அந்த மருந்தின் பெயருக்கு உதட்டைப் பிதுக்கியதும், பையிலிருந்து பத்தொன்பது கோயில் காலண்டர்களை எடுத்து மேசையில் போட்டாள். வலிப்பு வந்த நாளில் சிலுவை. மாத்திரை கிடைக்காத நாளில் வட்டம். அரை மாத்திரையில் ஓட்டிய நாளில் அரை வட்டம். முழுவட்டம் இரண்டு சேர்ந்தால் மூன்றாம் நாள் சிலுவை. அரை வட்டம் ஒரு மாதம் நீண்டபோதும் சிலுவையே இல்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா!"

"நீங்க ஒரு எடத்துல நின்னு கேட்டாத்தானேங்கண்ணா."

டாக்டரம்மா அரை வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புது மாத்திரையைத் தொடங்கி, மிச்சமிருந்த எட்டையும் அரை, கால் என்று பதினெட்டு நாளுக்குப் பிரித்துக்கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாளிலிருந்து ஒரு வாரம், பள்ளிக்கு எதிரே பிரகாஷின் ஸ்கூட்டர் காரணமில்லாமல் போய் வந்தது. எட்டாம் நாள் ஆக்சிலியா கரண்டியோடு வெளியே வந்து கூப்பிட்டாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணா. மாத்திரைய வுட்டது நானு, ரோட்ல அலையறது நீங்களா?"

உட்கார்ந்தார். சுவரில் காலண்டர். அந்த வாரம் முழுக்க ஒரு குறியும் இல்லை.

"ஏம்மா, எழுதாம வுட்டுட்டியா?"

"ஒண்ணும் ஆகலன்னா எதுக்குங்கண்ணா எழுதணும்?"

பிரகாஷ் அந்தக் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணிவிட்டு எழுந்து, நேராகவே தொங்கிக்கொண்டிருந்த காலண்டரை நேராக்கினார்.